தோலோடு போட்ட பனியன்

வெள்ளியங்கிரி தன் மனைவியிடம் பொய் சொன்னது ஒரு பனியனுக்காக. சிரிக்காதீர்கள். திருப்பூரில் அப்பா நடத்திய பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசியோடு வளர்ந்த மனிதர் அவர். அமெரிக்காவில் குபெர்டினோவுக்கு வந்து இருபது வருஷம் கம்ப்யூட்டரைத் தட்டியும், உடம்பில் படுகிற முதல் துணி பருத்தியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் அசைய மாட்டார்.

வேட்டைக்குப் போவது அவரல்ல, மனைவி சாந்தாமணிதான்; அவர் வெறும் துணைக்கு. கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மலையில் ஒரே ஒரு மான் சுடும் அனுமதிக்காக ஆறு வருஷம் விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம்தான் குலுக்கலில் பெயர் விழுந்தது. அதிலும் இன்றோடு கெடு முடிகிறது.

விடிவதற்குச் சற்று முன் கூடாரத்தில் அவள் துணிகளை எடுத்து வைத்தாள். தோலோடு மெல்லிய மெரினோ கம்பளி. அதன் மேல் ஃப்ளீஸ் சட்டை, காற்றுக்கு ஒரு ஜாக்கெட், பைக்குள் உப்பலான கோட்டு.

"ஏனுங்க, காட்டன் மட்டும் வேண்டாமுங்க. வேர்த்தா காயவே காயாது. ஏறும்போது மெரினோவோட ஏறுங்க, குளிருனா குளிரட்டும். மேல போய் உக்காந்த பொறவு எல்லாத்தையும் போட்டுக்கலாம். மெரினோ போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு சாந்தா."

எங்கே போட்டார்! கம்பளி அரிக்கிறதென்று அதைத் படுக்கிற ஸ்லீப்பிங் பேக்குக்குள் திணித்துவிட்டு, அப்பா கம்பெனி பனியனை மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது மேலே இருப்பதைக் கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அத்தனையும் போட்டுக்கொண்டே மலை ஏறினார். வேர்வை முதுகில் வழிந்தது.

"ஜாக்கெட் கழட்டலீங்களா? உள்ள மெரினோதானே?"

"அதேதான். எனக்குக் குளிருது, நீ நட."

உச்சியில் ஒரு ஜூனிப்பர் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவள் மறுபடி காதோரம் கேட்டாள், அவர் மறுபடி தலையாட்டினார். காற்று வந்தது. நனைந்த பனியன் மார்பைப் பிடித்துக்கொண்டது. பல் தந்தியடிக்கும் சத்தத்தில் மான் ஓடிவிடுமே என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

பிறகு நடுக்கம் தானாக நின்றது. அப்பாடா! பள்ளத்தாக்கின் பனிமூட்டம் வெளுத்த துணியைப் போல மெல்ல விரிந்தது. எதிர்மலை மூச்சுவிட்டு ஏறி இறங்கியது. புதர்கள் இரண்டடி நடந்து நின்றன. நல்ல கதகதப்பு. இவ்வளவு சுகமான காலையை அவர் பார்த்ததே இல்லை. பனிக்குள்ளிருந்து கால்களே இல்லாமல் ஒரு கொம்பு மிதந்து வந்தது. கொம்புக்குக் கீழே ஒரு முகம். மான்தான். வா ராசா, வா.

சாந்தாமணி குறி வைத்துவிட்டாள். 'சுடு' என்று அவர் சொன்னதாக நினைத்தார், வாயிலிருந்து குழறல்தான் வந்தது. உள்ளே வெந்தது. ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார்.

அந்தச் சத்தத்தில் அவள் திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

அட பைத்தியக்காரி, மான் அங்கே நிற்கிறது! அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. "குளிரு மூளைக்கு ஏறிருச்சுங்க, அதான் வேகுற மாதிரி இருக்குது" என்று அவள் அவர் துணியையெல்லாம் உருவினாள். ஈரப் பனியனில் கை பட்டதும் ஒரு நொடி நின்றாள். பிறகு அதையும் கழற்றி எறிந்து, துடைத்து, தன் கோட்டையும் அவர் கோட்டையும் அவருக்கே போட்டு, ஃப்ளாஸ்க் வெந்நீரை மடக்கு மடக்காகக் கொடுத்து, இறுகக் கட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து நடுக்கம் திரும்பி வந்தது. எலும்பெல்லாம் வலித்தது. மலை வெறும் மலையாக நின்றது.

"சாந்தா, மான்..."

"போயிருச்சுங்க."

"அடுத்த வருஷம்?"

"மறுபடி மொதல்ல இருந்துங்க. இன்னொரு ஆறு வருஷம்."

வெட்கத்தில் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "என்னாலதான்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மானுக்காக நான் அழுகலீங்க. மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் ஆமாம்னீங்க. இனிமே நல்லா இருக்கேன்னு நீங்க சொன்னா, நான் எப்படிங்க நம்பறது?"

இப்போது பரவாயில்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குப் பதிலாக அவள் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தார். எவ்வளவு நடுங்குகிறது என்பதை அவளே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.