பாடியத் தொட்டுட்டு எடுங்க

மூளைய வீட்டுல கழட்டி வெச்சிட்டுப் பட்டறைக்கு வந்து உக்காந்திருக்கீங்களேடா, உங்களுக்குத்தான் இந்தக் கதை. வண்டி மூளைன்னா தெரியும்ல? இன்ஜினைக் கட்டி மேய்க்கிற கம்ப்யூட்டர் பெட்டி.

பல்லடத்துல பொண்ணு பாக்க வர்றவங்க முதல்ல அந்த வீட்டுக் கார்ல ஏறி உக்காருவாங்க. கேக்கறதுக்கெல்லாம் வண்டி மூளை உள்ளத உள்ளபடி சொல்லும். அப்புறந்தான் காபி. பொண்ணு அதுக்கும் அப்புறம்.

குடிய விட்டு மூணு வருஷமாச்சுன்னு குன்னத்தூர் சம்பந்திகிட்டச் சொல்லியிருந்தாரு பொன்னுரங்கம். வண்டி மூளைக்கோ ஒயின்ஷாப் வாசல் அத்துப்படி. நாலு மணிக்கு அவங்க வர்றாங்க. மூளை வண்டியில இருந்தா மக நித்திகா கல்யாணம் அவ்வளவுதான்.

மூணு மணிக்கு மச்சினனுக்குப் போன் போட்டாரு.

"மாப்ள, மூளைய நானே கழட்டிரட்டுமா?"

"தாராளமா கழட்டுங்க மாமா. பேட்டரி மைனஸக் கழட்டிட்டுக் கால் மணி நேரம் சும்மா நில்லுங்க. பெட்டியத் தொடறதுக்கு முன்னாடி பாடியத் தொட்டுக்குங்க. இல்லேன்னா உங்களுக்குள்ள இருக்கறது அதுக்குள்ள போயிரும், அதுல இருக்கறது உங்களுக்குள்ள வந்துரும்."

மைனஸக் கழட்டினாரு. பக்கத்து வீட்டுக் கொடியில காயற லுங்கியப் பாத்துக்கிட்டுக் கால் மணி நேரம் நின்னாரு. அப்புறம் சட்டை பட்டனக் கழட்டி, தன்னோட பாடியத் தொட்டாரு. நெஞ்சுல, பயபக்தியா. பெட்டிய உருவி, துண்டுல சுத்தி, அரிசி டிரம்முல வெச்சாரு.

சம்பந்தி வந்தாரு. "மூளை எங்கீங்க?"

சர்வீசுக்குப் போயிருக்குன்னு சொல்லத்தான் பொன்னுரங்கம் வாயத் தொறந்தாரு. "அரிசி டிரம்முல"ன்னு வந்துச்சு.

"ஒயின்ஷாப் போறதுண்டுங்களா?"

"இந்த மாசம் ஒம்பது தடவ. ஆயில் மாத்த இன்னும் எரநூறு கிலோமீட்டர் இருக்குது."

பொன்னுரங்கத்தோட சம்சாரம் பெட்டிய எடுத்து, ஒட்டியிருந்த அரிசியத் தட்டிவிட்டு, சோபாவுல வெச்சாங்க.

"வாங்க சம்பந்தி, வெயில்ல சிரமப்பட்டுட்டீங்க"ன்னுச்சு பெட்டி. "நான் குடிய விட்டு மூணு வருஷமாச்சுங்க."

சம்பந்தி காபிய ஒரு மடக்குக் குடிச்சாரு. "பேசத் தெரிஞ்சவரு. பொண்ணுக்கு அப்பாவா இவரே இருக்கட்டும்."

அன்னிக்கே தட்டு மாத்திக்கிட்டாங்க. கல்யாணத்துல பெட்டிதான் பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் பொண்ணத் தாரை வாத்துக் குடுத்துச்சு. பொன்னுரங்கத்த பானெட்டுக்குள்ள, பெட்டி இருந்த எடத்துல மாட்டியிருக்காங்க. லிட்டருக்குப் பத்தொம்பது குடுக்கறாரு. ஏசி போட்டா மட்டும் இருமறாரு. நித்திகா மறுவீட்டுக்கு அந்த வண்டியிலதான் வந்தா.

அந்த மச்சினன் நான்தான். பெட்டி கழட்டற பாடம் வர்றதுக்குள்ள நான் பாலிடெக்னிக்க விட்டுட்டேன். தொட வேண்டியது வண்டி பாடியா, நம்ம பாடியான்னு எனக்கே தெரியாதுடா.