டீ ஆறிப்போய் வருகிறது

பூங்கோதை நோயாளிக் கிழவரை ஒருக்களிக்க வைத்துப் பிடித்துக்கொண்டாள். டெல்பின் நனைந்த விரிப்பைச் சுருட்டி உருவி, புதியதை அவர் முதுகுக்கடியில் தள்ளினாள். பழகிய வேலை. கை அதன்பாட்டுக்கு நடக்க, வாய் வேறு விஷயம் பேசியது.

"மத்தியானம் எல்லாரும் வட்டமா உக்காரணுமாமே?" என்றாள் பூங்கோதை. "நாம பேசுவமாம், ரெபேக்கா மேடம் வாயே தொறக்காம கேப்பாங்களாம். நம்பற மாதிரியா இருக்குது?"

"அவங்க படிக்கிற கோர்சுல அப்பிடித்தானாம்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. நான் வாயத் தொறக்க மாட்டேம்பா."

ரெபேக்கா அந்த மாடியின் தலைமை நர்ஸ். சனி ஞாயிறுகளில் மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் தலைமைப் பண்பு படிக்கிறாள். கட்டணம் ஆஸ்பத்திரி கட்டுகிறது. முடித்தால் சூப்பரின்டென்டென்ட் நாற்காலி அவளுக்குத்தான் என்று பேச்சு. படிக்கத் தொடங்கியதிலிருந்து அவள் யாரையும் திட்டுவதில்லை. "உங்க கருத்து என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். திட்டுக்குப் பயப்படாத நர்ஸுகள் இந்தச் சிரிப்புக்குப் பயந்தார்கள். திட்டினால் அத்தோடு முடிந்தது. சிரித்தால் எதில் போய் முடியுமென்று யாருக்குத் தெரியும்?

டெல்பினின் பயம் கொஞ்சம் கூடுதல். பூங்கோதை நிரந்தர ஊழியர். டெல்பினின் ஒப்பந்தமோ மாதக் கடைசியில் முடிகிறது. டெல்லி ஓக்லாவில் கணவன் சைமன் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, ஜனக்புரி வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் அவள் சம்பளத்தில்தான் ஓடின.

மருந்து அறையில் டெல்பின் தனியாக இருந்தபோது ரெபேக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியே அக்கா.

"ஏட்டி டெல்பின், ஒருத்தரும் பேசலேன்னா என் மார்க்கு போயிரும். புரொபசரே வாராரு, வீடியோ வேற எடுக்காங்க. நீயாவது ரெண்டு வார்த்த சொல்லு. நீ நம்ம ஊர்ப்பிள்ளைலா."

"என்னக்கா சொல்லணும்?"

"ஏதாவது குறை. டீ ஆறிப்போயி வருதுன்னு சொல்லேன்."

"கான்ட்ராக்டு விஷயம்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

இதில் என்ன சூழ்ச்சி இருக்க முடியும் என்று டெல்பின் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். டீயில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பூங்கோதையிடமும் சொன்னாள். "டீயா? அதனால யாருக்கும் வம்பில்ல, சொல்லிடு" என்றாள் பூங்கோதை.

மத்தியானம் பயிற்சிக்கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். புரொபசர் இந்தியில் விளக்கினார்: ஒவ்வொருவராகப் பேச வேண்டும். தலைவர் மறுக்கக் கூடாது, விளக்கம் தரக் கூடாது. கடைசியில் நன்றி மட்டும் சொல்லலாம். "பேசுங்கள், பயப்படாதீர்கள்," என்றார்.

முதலில் இருந்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். புரொபசர் முகம் வாடியது, ரெபேக்காவின் முகம் அதைவிட. பூங்கோதையின் முறை வந்தது. பதற்றத்தில் அவள் சொன்னாள்: "சார், டீ ஆறிப்போய் வருகிறது."

புரொபசர் மகிழ்ந்துபோனார். கேமரா டெல்பின் பக்கம் திரும்பியது.

அவள் வைத்திருந்த ஒரே குறை போய்விட்டது. பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தாள், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. தான் பேசப்போவதற்காக இத்தனை பேர் காத்திருந்ததை டெல்பின் இதற்குமுன் கண்டதில்லை.

"ராத்திரி டூட்டிக்கு இரண்டு பேர் என்று போர்டில் எழுதியிருக்கிறது," என்று இந்தியில் தொடங்கினாள். "வருவது ஒருத்திதான்."

யாராவது குறுக்கிடுவார்கள் என்று நிறுத்தினாள். ரெபேக்கா தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு அவளைத் தொடர வைத்தது. போன மாதம் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்தபோது, தான் தனியாளாக அடுத்த அறையில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். ஆயா கவனிக்கவில்லை என்று எழுதி அந்த ஆயாவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஆயா அன்றைக்கு டூட்டியிலேயே இல்லை. இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது, கையும் எழுந்தது. நெஞ்சு லேசானது.

"நன்றி," என்றாள் ரெபேக்கா.

புரொபசர் கைதட்டினார். இப்படிக் காதுகொடுத்துக் கேட்கிற தலைவரைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

அடுத்த வாரமே மாடிக்குப் புது டீ இயந்திரம் வந்தது. ராத்திரி டூட்டிக்கு ஒருத்திதான் வந்தாள். ரெபேக்கா பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிரித்துப் பார்க்க டெல்பினால் முடியவில்லை. மாதக் கடைசியில் ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்றார்கள். காரணம் கேட்டாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டதுதான் காரணம் என்றார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லல பிள்ள," என்றாள் ரெபேக்கா. "அந்த வீடியோவ மேல உள்ளவங்க பாத்திருக்காங்க."

"அவங்களுக்கு அத யாரு குடுத்தா, அக்கா?"

ரெபேக்கா கழுத்தில் தொங்கிய புது அட்டையைச் சரிசெய்துகொண்டாள். சூப்பரின்டென்டென்ட் என்று போட்டிருந்தது. "பீஸ் கட்டுறவங்களுக்கு புராஜெக்ட்ட காட்டணும்லா."

வாசலில் அடையாள அட்டையைக் காவலாளியிடம் ஒப்படைத்த பிறகுதான், சாப்பாட்டு டப்பாவை மேலேயே விட்டுவிட்டது டெல்பினுக்கு நினைவு வந்தது. லிப்ட் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர்ஜி, பாஸ் இல்லாமல் விட முடியாது," என்றான் காவலாளி. தினமும் வணக்கம் சொல்கிறவன்தான். "உட்காருங்கள், கூப்பிடுவார்கள்."

நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களோடு அவளும் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் அன்று காலைதான் மாட்டிய பெரிய படம். அதில் டெல்பின் வாய் திறந்து, கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே ரெபேக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும், இங்கே ஒவ்வொரு குரலும் கேட்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

காவலாளி படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பார்வையாளர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டி, "பெயர்?" என்று கேட்டான்.