கல்லாவைத் திறக்க ஆளில்லை

முப்பத்துநான்கு என்று எழுதினேன். மஞ்சள் விண்ணப்பத்தாளில் வயதுக்கென்று விட்டிருந்த கட்டத்தில், மை பரவாமல். அந்தக் கணக்குப்படி என் மூத்த மகள் ஹாசிபேயை நான்கு வயதில் பெற்றிருக்கிறேன். அவள்தான் முந்தின நாள் சாயங்காலம் என் தலைக்குச் சாயம் பூசிவிட்டவள். "சிரிக்காதம்மா, சிரிச்சா கண்ணுகிட்ட கோடு விழுது" என்று அதட்டினாள்.

பொய் சொல்ல எனக்கு ஆசையா என்ன? பத்தொன்பது வருடம் டொலூகா நகரில் ஒரே பல்பொருள் அங்காடியில் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். ஐந்து வாரத்துக்கு முன் அதை இழுத்து மூடினார்கள். வேலை போனாலும் எட்டு வாரம் வரைக்கும் செகூரோ என்கிற அரசுக் காப்பீட்டு மருத்துவமனையில் குடும்பத்தைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். என் கணவர் ருட்டிலியோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை அங்கேதான் இயந்திரத்தில் அவர் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் செகூரோ உள்ள வேலை எனக்குக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும் என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

புதிதாகத் திறந்த இந்தக் கடையின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரத் துணி தொங்கியது. கல்லாவுக்கு ஆட்கள் தேவை, உடனடி நியமனம், வயது பதினெட்டு முதல் முப்பத்தைந்து.

ஆள் எடுப்பவர் யாஹிர்; பட்டம் படித்தவர் என்பதால் லிசென்சியாதோ என்றுதான் கூப்பிட வேண்டும். இருபத்தாறு வயதிருக்கும், சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைத்தவர், முதலில் சோதனை என்றார். ஒரு தள்ளுவண்டி நிறையப் பொருளுக்குக் கல்லாவில் கணக்குப் போட வேண்டும். மற்றவர்கள் தக்காளிக்கான விலை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் முடித்துவிட்டு மீதிச் சில்லறையையும் எடுத்து வைத்திருந்தேன்.

"அடேங்கப்பா, எங்க கத்துக்கிட்டீங்க ஒப்துலியா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "திங்கட்கிழமையே வந்துருங்க. செகூரோவுல பதிஞ்சுடலாம்."

எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் பதிவதற்காகத் தாளை எடுத்தார். என் கூர்ப் எண்ணை, நாட்டில் எல்லாருக்கும் உள்ள அடையாள எண்ணை, கணினியில் தட்ட ஆரம்பித்தார். நான்கு எழுத்து தட்டினார். பிறகு எழுபத்தொன்று என்று தட்டிவிட்டு விரலை நிறுத்தினார்.

என் கை செய்த துரோகம் அது. மருந்தகத்தில், மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில், எந்தத் தாளைக் கொடுத்தாலும் அந்த எண்ணை என் கை தானாகவே எழுதிவிடும். பிறந்த வருடம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பது வயதை மாற்றி எழுதியவளுக்கு உறைக்கவில்லை.

"டோன்யா ஒப்துலியா," என்றார். ஒரு நிமிடத்துக்கு முன் வெறும் ஒப்துலியா; இப்போது வயதான பெண்களுக்குப் போடும் டோன்யா. "உங்களுக்கு ஐம்பத்திமூணா?"

"சோதனையில வேலை செஞ்சது என் கையா, என் வயசா, லிசென்சியாதோ?"

"என் கையில ஒண்ணுமில்ல. மேலிடத்து உத்தரவு. இது துடிப்பான வேலை, புரிஞ்சுக்கோங்க."

"நான் துடிப்பா இல்லையா? இப்பத்தானே பார்த்தீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. "அறுபது ஆனதும் முதியோர் அட்டை எடுத்துக்கிட்டு வாங்க. பொருளைப் பையில போட்டுக் குடுக்கிற வேலை இருக்கு."

"அதுக்குச் சம்பளம்?"

"வாடிக்கையாளருங்க பார்த்துக் குடுக்கிறதுதான்."

"செகூரோ?"

"அது கிடையாது."

"முப்பத்தஞ்சோட வேலை முடிஞ்சுது. அறுபதுல சும்மா உழைக்கலாம். நடுவுல இருக்கிற இருபத்தஞ்சு வருஷம் நாங்க மண்ணைத் திங்கணுமா? சரி, வயசுதான் காரணம்னு இந்தத் தாள்லயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது, டோன்யா. சட்டப்படி தப்பு."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுதினால் தப்பு, செய்தால் தப்பில்லை. அந்த இஸ்திரிச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

சுவரோரம் ஐந்து பெண்கள் மஞ்சள் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பினேன். "வயசைக் குறைச்சு எழுதினவங்க கூர்ப் எண்ணைப் பார்த்துக்கோங்க. அதுதான் காட்டிக் குடுக்கும்."

நாலு தலைகள் ஒரே நேரத்தில் தாளைப் பார்த்துக் குனிந்தன.

அறையை விட்டு வெளியே வந்தேன். பன்னிரண்டு கல்லாவில் மூன்றுதான் திறந்திருந்தது. வரிசை பால் அலமாரி வரைக்கும் வளைந்திருந்தது. வண்டியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டு சனங்கள் கத்தினார்கள்: "இன்னொரு கல்லாவத் திறங்கப்பா. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

நான் நடுவில் நின்றேன். "திறக்க ஆள் இருக்கு. நான் இருக்கேன், உள்ள இன்னும் நாலு பேர் இருக்காங்க. கிழவிங்க வேணாமாம்."

சத்தம் அடங்கியது. முன்னால் நின்ற ஒரு பெண், கையில் கைக்குழந்தை, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வயசு, செனோரா?"

"ஐம்பத்திமூணு," என்றேன், கடை முழுவதும் கேட்கிற மாதிரி.

"எங்கம்மா வயசு," என்றாள். வரிசை ஓரடி நகர்ந்தது, அவளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். பின்னால் மறுபடியும் கைப்பிடிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

மிச்சமிருக்கும் மூன்று வாரத்தில் ருட்டிலியோவுக்கு இன்னும் ஒன்பது தடவை இரத்தம் சுத்தம் செய்வார்கள்.