கைதட்டு வாங்கிய பேச்சு

தெருவில் அவளுக்கு மைக் என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, பொருத்தமாக வைத்துவிட்டார்கள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்ததும் வீடு வீடாக ஏறி, பெண்ணை எட்டாவதோடு நிறுத்தாதீர்கள், பெரிய பள்ளிக்கு அனுப்புங்கள் என்று உயிரை வாங்குவாள். கதவை முகத்தில் அடைத்தால் ஜன்னல் பக்கம் போய் நின்று பேசுவாள். ஒரு வீட்டில் மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீரை ஊற்றினார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு மறுபடியும் அதே வாசலுக்கு வந்து நின்றாள். "உனக்குப் பதிலா ஒரு ரேடியோவைப் பெத்திருந்தா, வேணாங்கறப்ப அணைச்சாவது வெச்சிருப்பேன்" என்று அவள் அம்மாவே சொல்வாள்.

அப்படிப்பட்டவள் இப்போது டெய்லர் வீட்டு வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

எல்லாம் பெண்கள் படிப்புக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தால் வந்த வினை. மேடையில் அவள் யார் பெயரையும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவள்தான். ஆனால் மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முன்வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சினால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைக்கிற ஒரு பெண், மடியில் துணிக்கு அடியில் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துப் படிக்கிறாள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பக்கம் பாதி வீடுகளில் பட்டன்தான் தைக்கிறார்கள், யாரென்று தெரிந்திருக்காது. இடது கையால் ஊசி பிடிப்பாள் என்று சேர்த்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னதையும் அப்படியே சொன்னாள்: "எங்கப்பாவுக்கு என் கை இருந்தா போதும், நான் வேணாம்." கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டு.

இடது கையால் பட்டன் தைக்கிறவள் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான். டெய்லர் மகள். பல தடவை நடையாய் நடந்து, மைக் அந்த மனுஷனை ஒருவழியாகக் கரைத்து வைத்திருந்தாள். பெண்ணைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். கூட்டத்துக்கு மறுநாள் பெண்ணை உள் அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பெரிய பள்ளியில் பெற்றவர்கள் நேரில் வந்தால்தான் சேர்ப்பார்கள். இன்றைக்குச் சாயங்காலத்தோடு அட்மிஷன் முடிகிறது.

"அண்ணே, இன்னைக்குத்தான் கடைசி நாள்."

டெய்லர் தலையைத் தூக்கவில்லை. பனியனோடு உட்கார்ந்து மிஷினை இன்னும் வேகமாக மிதித்தார்.

"அண்ணே, தப்பு என்னுது. அவளை விட்டுடுங்க."

மிஷின் நின்றது. "டீக்கடைல என்ன கேக்கறானுங்க தெரியுமா? 'என்ன டெய்லரே, பொண்ணு கை நல்லா இருக்கா'ங்கறான். சுத்தி நின்னு சிரிக்கறானுங்க. ஊருக்கே துணி தைச்சவன்மா நான். நடுத்தெருவுல என்னை அம்மணமா நிக்க வெச்சுட்டியே." கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வார்த்தைய அவ சொன்னாளா, நீயா சேத்துக்கிட்டியா?"

அவர் பின்னால் நின்ற மனைவி, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சொல்லாதே, ஒத்துக்கொள்ளாதே.

மைக்குக்குப் புரிந்தது. ஒரே ஒரு பொய். இவரிடம் காதோடு சொல்லிவிட்டுப் போனால் போதாது, கைதட்டியவர்கள் காதில் விழ வேண்டும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே வெளியே வந்து நின்றார்கள். அவள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னது பொய். கைதட்டுக்கு ஆசைப்பட்டு நானே கட்டிவிட்டேன். டெய்லர் அண்ணன் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை."

"அடிப்பாவி!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. மகளும் பக்கத்தில் நின்றாள். "உன் பேச்சைக் கேட்டுத்தானே எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டு இவளைச் சேக்கக் கிளம்பினேன்! அப்ப நீ சொன்னதெல்லாமே பொய்தானா?" மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அந்தச் சின்னப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்கிவிட்டோமே என்று மைக்குக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

டெய்லர் நம்பினார். நம்பத்தானே காத்திருந்தார். பெற்ற பெண் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னாள் என்பதைவிட, எவளோ ஒருத்தி புளுகினாள் என்பது எந்த அப்பனுக்கும் சுலபம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டார். தாழ்ப்பாளைத் திறந்தார்.

"முகம் கழுவிட்டு வா. ஸ்கூல் மூடறதுக்குள்ள போயிடலாம்."

பெண் வெளியே வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுக்காரி மகளை இழுத்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தாள்.

"அக்கா பொய் சொல்லலப்பா."

"வாயை மூடு!" மைக் அலறினாள். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று, வாயைத் திறந்து கேளுங்கடி என்று பெண்பிள்ளைகளிடம் கெஞ்சியவள், ஓடிப்போய் அந்தப் பெண்ணின் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள். "ஐயோ, வாயை மூடுடி!"

பெண் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள், எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி. எதிர்வீட்டுக்காரி படியில் அப்படியே நின்றாள்.

டெய்லர் மகளையே பார்த்தார். பிறகு, பள்ளிக்குக் கிளம்பப் போட்ட சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.