ஓவனின் அடித்தட்டு

எங்கள் வீட்டு ஓவன் பெயருக்குத்தான் ஓவன்; வாணலிகளையும் மூடிகளையும் திணித்து வைக்கும் அலமாரி அது. இன்றைக்காவது சமையலைச் சுலபமாக முடிக்கலாமென்று சால்மன் மீன் வாங்கி வந்தேன். தேன், சோயா சாஸ், பூண்டு கலந்து பளபளவென்று தடவினேன். பாத்திரங்களை எடுத்துவிட்டு ஓவனைச் சூடேறப் போட்டேன். மகள் அதன் கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வேலையிலிருந்து வந்த கணவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஓவன் ஓடுதா?”

“ஆமா. மீன் வைக்கணும்ல.”

பாய்ந்து மகளை அள்ளினார். என்னையும் கூடத்துக்கு இழுத்தார்.

“என்னங்க ஆச்சு?”

“அடித்தட்டுக்குக் கீழ என் லைட்டர் இருக்கு. வெடிச்சிரும். கிட்ட போகாத!”

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். இருட்டில் மூவரும் சோபாவுக்குப் பின்னால் குந்தினோம். மகளின் காதுகளைப் பொத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒன்றும் ஆகாதோ என்று மூச்சு விட்டேன்.

படார்!

ஓவன் கண்ணாடி சமையலறைத் தரையெங்கும் சிதறியது. மகள் உட்கார்ந்திருந்த இடம் நினைவுக்கு வந்ததும் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று இதே மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனிதர் இவர்.

மெல்லக் கேட்டார்: “மீனை என்ன பண்றது?”

“கேஸ் அடுப்புல பொரிச்சுக்கலாம். பத்தவைக்க இன்னொரு லைட்டர் எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

எழுந்துபோய், செருப்பு அலமாரியைத் திறந்தார்.