அருட்பிரகாசத்தின் ஒல்லாந்த மாளிகை

மன்னார்க் கோட்டைக்கு அண்மையில் நிற்கும் அந்த முருகைக்கல் வீட்டை டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் எவரும் கட்டவில்லை. ஆங்கிலேய மகாராணியார் ஆட்சியில் சுங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர் அருட்பிரகாசம். அவருடைய தகப்பனார், கருவாடு சுமக்கும் தம் கழுதைகளுக்காகக் கட்டிய கொட்டில் அது. பின்னர் கூரை உயர்ந்தது, ஓடு வந்தது, கதிரைகளும் அலுமாரியும் வந்தன. இறுதியாகப் பொய்யும் வந்து குடியேறியது.

வங்காலைச் சிங்கராசா தம் மகனுக்கு, அருட்பிரகாசத்தின் ஒரே மகள் றஞ்சிதத்தைப் பெண் கேட்டு வந்தார். வீடே சீதனம். சீதன வீட்டுக்குப் பழம்பெருமை வேண்டுமென்று கருதிய அருட்பிரகாசம், வாயில் நிலைக்கு மேலே ஒல்லாந்தர் காலத்து ஆண்டொன்றை வெட்டுவித்திருந்தார். சுவரிலிருந்த இரும்பு வளையங்களைக் காட்டி, "இதுகளிலதான் ஒல்லாந்தக் கப்பித்தான் விளக்குத் தூக்கினவர், சம்பந்தி" என்றார். இடுப்பளவு உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்ட கப்பித்தானை ஐயுறும் அளவுக்குக்கூடச் சிங்கராசாவுக்குப் புத்தி இருக்கவில்லை.

பெருமை ஊர் சுற்றி அரசாங்கக் கந்தோரை அடைந்தது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கட்டடமாயின் அது மகாராணியாரின் முடிக்குரியது என்று கூறி, அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை நேரில் பார்வையிட வந்தார். கல்யாணப் பேச்சுக்கு வந்திருந்த சிங்கராசாவும் முற்றத்தில் நின்றார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகளின் வீடு போகும்.

"துரை, இது எங்கட அப்பு கட்டின கொட்டில்" என்றார் அருட்பிரகாசம், வியர்வையைத் துடைத்தபடி.

"என்ன கொட்டில்?" என்று துரையின் துவிபாஷி அதட்டினார்.

"கழுதைக் கொட்டில்."

"சாட்சி ஆர்?"

அயல்வீட்டு உம்மு குல்சூம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "நானிருக்கிறன். மழைக்கு எங்கட வாப்பாட கழுதையளும் இதிலதான் கட்டிக் கிடந்தது. வளையத்தைப் பாருங்கோ, கயிறு உரசின தடம் இப்பவும் கிடக்கு. ஏன், கப்பித்தானும் கழுத்தில கயிறு போட்டவரோ?"

துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீடு தப்பியது.

"அப்ப என்ர மகன் கழுதைக் கொட்டிலிலயோ குடியிருக்கிறது?" என்று சிங்கராசா குதித்தார். ஓட்டு வீடு சீதனம் தர வேறொருவரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் குதிப்பு நின்றது. "சரி, ஒருத்தருக்கும் தெரியாமல் வளையங்களைப் பிடுங்கிப்போடுங்கோ" என்றார், ஊரே வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்க.

மறுநாள் வளையங்களை நெம்பிப் பிடுங்க அலவாங்கோடு வந்த தகப்பனை றஞ்சிதம் மறித்தாள்.

"வளையத்தை விடுங்கோ அப்பா. திரும்பவும் துரை வந்தால் எதைக் காட்டுவியள்? வாசலுக்கு மேல வெட்டின ஆண்டைக் கொத்தி அழியுங்கோ."

அருட்பிரகாசம் ஏணியைத் தேடிப் போனார்.