அம்மா இருமச் சொன்னாள்

ஏற்றத்தில் மறுபடியும் ஈனோக் பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தார். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. மகள் மசாக் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

“அந்தக் கயித்துல அப்படி என்னப்பா இருக்கு, குனிஞ்சு குனிஞ்சு பாக்கற?”

“பழைய கயிறு.”

“போன வாரம் நான் வாங்கிக் குடுத்தது.”

அவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர மூச்சு இல்லை. இந்த வருஷம் கரிபூ என்ற துருவ மான்கூட்டம் இவர்கள் கணவாய்ப் பக்கம் வராமல் வேறு வழியாகப் போய்விட்டது. வீட்டு ஐஸ்பெட்டியில் மீனைத் தவிர ஒன்றும் கிடையாது. மலையாடு கிடைத்தால்தான் குளிர்காலத்துக்குக் கறி. காலையில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மந்தை கைக்கெட்டும் தூரத்தில் மேய்ந்தது. இவர் இருமினார், அது மலை தாண்டிப் போயிற்று. மசாக் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது உச்சிக்குக் கீழே, புல்திட்டில் மூன்று வெள்ளைக் கிடாக்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. இன்றைக்கு இவற்றை விட்டால் அப்புறம் பனிதான்.

“நீ இங்கயே இருப்பா. நான் சுத்தி மேல போயி இறங்கறேன்.”

“நானும் வரேம்மா.”

மகளை அவர் அம்மா என்று கூப்பிடுவது செல்லத்துக்காக அல்ல. அவருடைய தாய் இறந்த வருஷம் பிறந்தவள். தாயின் பெயரைத்தான் வைத்தார்கள். பெயர் போன இடத்துக்குச் செத்த ஆளும் வந்துவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. ஊரில் கிழவிகள்கூட அவள் தவழும்போதே, “ஈனோக்கோட அம்மா வந்தாச்சு, அவளுக்குப் பிடிச்ச கொழுப்பு எடுத்து வை” என்பார்கள்.

“வந்து? மேல போயி இருமுவியா?”

“அடக்கிக்குவேன்.”

“காலையில அடக்கின லட்சணம் பாத்தேன்.”

சொல்லிவிட்டாள். ஈனோக்குக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

“அப்ப நான் இங்க என்ன பண்றது, கல்லு மாதிரி?”

“நல்லா தெரியற மாதிரி அந்தப் பாறையில உக்காரு. ஆடு எப்பவும் கீழதான பாக்கும்? கிட்டக்க சத்தம்னா ஓடும். தூரத்துல ஒரு ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சா, அவன் என்ன பண்றான்னு பாத்துக்கிட்டே கிடக்கும்.”

“அது பொம்பளைங்க வேலை. எங்கம்மாதான் அப்படி உக்காருவா. அப்பா மேல போவாரு.”

மசாக் இடுப்பில் கை வைத்தாள். அவர் தாய் நிற்கிற நிலை அது; வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

“ஆமா, நான்தான உக்காந்தேன். எத்தனை வருஷம் உக்காந்தேன். குளுருல பின்பக்கம் மரத்துப்போயி. எனக்கு அலுத்துப்போச்சு. இன்னைக்கு நீ உக்காருடா மகனே.”

பிறந்ததிலிருந்து அவர்தான் அவளை அம்மா என்றார். அவள் ஒருநாளும் அவரை மகனே என்றதில்லை.

ஈனோக் உட்கார்ந்தார்.

“இருமல் வந்தா?”

“இருமு. வயிறு வலிக்க இருமு. அதுங்களுக்கும் பொழுது போகட்டும்.”

அவள் சரிவு மறைவில் போய்விட்டாள். வசந்தத்திலிருந்து அடக்கி அடக்கி வைத்ததையெல்லாம் அவர் இருமினார். மேலே மூன்று தலைகளும் திரும்பின. எழவில்லை. கிழவன் ஒருவன் பாறையில் குலுங்குவதை வளைந்த கொம்புகளோடு பார்த்துக்கொண்டே கிடந்தன. முழங்கால் விண்விண்ணென்றது. இனி அந்த உச்சியைப் போய் மிதிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. துக்கப்படவும் தெம்பில்லை.

வெடிச்சத்தம் கேட்டது. இரண்டு கிடாக்கள் ஓடின. ஒன்று படுத்த இடத்திலேயே தலையைச் சாய்த்தது.

நெடுநேரம் கழித்து மசாக் ஒரு தொடையும் முன்காலும் சுமந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. சிறுநீரகக் கொழுப்பில் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள்.

“முதல் துண்டு அம்மாவுக்கு” என்றார்.

“அம்மா மேலயே தின்னாச்சு. நீ தின்னு.”

கொழுப்பு இன்னும் சூடாயிருந்தது. அவர் மெதுவாக மென்றார்.

“பாக்கிய கரடி பாக்கறதுக்குள்ள கொண்டாரணும். இன்னும் ரெண்டு நடை ஆகும்” என்று எழுந்தாள். அவரும் கையூன்றினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“நான் வேணா இருமிக்கிட்டு இருக்கட்டுமா?”

“ஆடுதான் போயாச்சே. தூங்கு.”

அவள் ஏறிப் போனாள். ஈனோக் குனிந்து, பூட்ஸ் கயிற்றை நிஜமாகவே அவிழ்த்தார்.